ஊதிக் காட்டு

என் இஸ்திரி மேசை இருப்பது மாடிப்படிக்கு அடியில். படியேறினால் மேஸ்திரி வீடு. அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று நான் நிமிர்ந்து பார்க்க வேண்டியதே இல்லை. திறந்தால் செருப்புப் பசையின் வாசம் படியிறங்கி வந்து மூக்கில் ஏறும். கொஞ்சம் தித்திப்பு, கொஞ்சம் பெட்ரோல், அடித்தொண்டையில் ஒரு காரம். துணி போட வருகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இதற்கு நடுவில் எப்படி நிற்கிறீர்கள் என்பார்கள். இந்த வாடகைக்குப் பன்னீரா தெளித்துக் கொடுப்பார்கள் என்று கேட்டு அனுப்பிவிடுவேன்.

மேலே மூன்று பேர். மேஸ்திரி, அவர் மனைவி, அவளுடைய தம்பி. மேஸ்திரி என்றால் கட்டடம் கட்டுகிறவர் இல்லை. ஒரு செருப்புப் பட்டறையில் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர். பட்டறையை மூடிய பிறகு வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார், பட்டப்பெயரும் கூடவே வந்துவிட்டது. ஆள் வாயில்லாப் பூச்சி. வீட்டுக்குள் மேஸ்திரி வேலை பார்ப்பதெல்லாம் அவள்தான். தெருவுக்கே அவள் அக்கா. பேச்சில் நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன், நினைப்பில் எனக்கும் அவள் அக்காதான்.

தம்பியைக் குருவி என்பார்கள். சின்ன வயதில் சோற்றைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவானாம், பெயர் நின்றுவிட்டது. தாய் தகப்பன் போன பிறகு அக்கா இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. இப்போது மீசை வைத்த ஆள். அவனுக்குப் பெண் பார்க்கலாமா என்று அவள் என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

தைத்து முடித்த மேல்பாகங்கள் ஒரு மூட்டையாக வரும், அடிப்பாகங்கள் இன்னொரு மூட்டையாக வரும். இரண்டையும் ஒட்டிக் கொடுப்பது இவர்கள் வேலை. பெரிய டின்னிலிருந்து பசையைக் கிண்ணத்தில் ஊற்றி, பிரஷால் இரண்டு பக்கமும் தடவிப் பலகையில் வரிசையாக வைப்பார்கள். முழுக்கக் காய்ந்துவிடக் கூடாது. புறங்கையால் தொட்டால் கையில் ஒட்டாமல் லேசாகப் பிடித்து விடுகிற பதம் ஒன்று உண்டு. அந்தப் பதத்தில் எடுத்து, சூட்டில் காட்டி, இரண்டையும் சேர்த்து அழுத்தி, ஓரம் முழுக்கச் சுத்தியலால் தட்ட வேண்டும். குருவி தட்டுவதைக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். மேஸ்திரி தட்டினால் யோசித்து யோசித்துத் தட்டுவார். இவன் தட்டினால் மழை பெய்கிற மாதிரி இருக்கும்.

இந்த வேலைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. காற்றாடி போடக்கூடாது, ஜன்னலைத் திறக்கக்கூடாது. காற்று பட்டால் பசை மேலே மட்டும் காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். தூசி விழுந்தால் பிடிப்பு விட்டுப்போகும். கடையில் பளபளவென்று இருக்கிற செருப்பு, வாங்கினவன் காலில் ஒரே மாதத்தில் வாயைப் பிளந்துவிடும். அதனால் உச்சி வெயிலிலும் அந்த அறை மூடியேதான் கிடக்கும். மூன்று பேரும் அதற்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் தேய்த்த சட்டையைக் கொடுக்க உள்ளே போனவன் தலை சுற்றி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"பழகினா ஒண்ணும் செய்யாதுண்ணே. நாங்க இல்லையா?" என்றாள்.

குருவியை மட்டும் அது என்னவோ செய்துவிட்டது. எப்போது ஆரம்பித்தான் என்று அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வேலை முடிந்த பிறகும் கிண்ணத்தைக் கழுவாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். பிறகு பையில் ஊற்றி முகத்தில் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் போயிருக்கிறது. சுத்தியல் சத்தத்தில் தாளம் தப்பிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். பெண் பார்க்கிற பேச்சில் பையன் மயங்கிக் கிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். உதட்டைச் சுற்றிப் புண்ணாக இருந்தது. வெயில் சூடு என்று அக்கா எண்ணெய் தடவிவிட்டாள்.

ஒரு மத்தியானம் மேலே கதவை இடிக்கிற சத்தம் கேட்டது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினேன். குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. மேஸ்திரியும் நானும் தோளால் முட்டித் திறந்தோம். குழாய்க்கு அடியில் கால் மடங்கிக் கிடந்தான். முகத்தோடு ஒட்டின மாதிரி ஒரு பாலிதீன் பை. உதடு நீலம் பூத்திருந்தது. அக்கா கத்தவில்லை. பையைப் பிய்த்து எறிந்துவிட்டு, "டேய், இங்க பாருடா, டேய்" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். பிழைக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். அவனைத் தூக்கிப் படியிறங்கும்போது என் கைக்குள் அவன் கனமே இல்லாமல் இருந்தான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஆக்சிஜன் வைத்து, சாயங்காலத்துக்குள் கண் திறக்க வைத்துவிட்டார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சேலை கிழிஞ்சிருக்கறதப் பாத்துட்டு நகர்றாங்க" என்று அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அவள் மேலும் மேஸ்திரி மேலும் வீசின பசைதான் அவர்களை நகர்த்தியது. அந்த நேரத்தில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். சுற்றி வளைக்காமல் பேசினார். இது நரம்பைத் தின்கிற பழக்கம், அதைவிட மோசம் இதயம் திடீரென்று நின்றுபோவது. முதல் தடவை முகர்கிறவனுக்கும் அது நடக்கும், வருஷக்கணக்கில் முகர்கிறவனுக்கும் நடக்கும். இதற்கென்று மாத்திரை கிடையாது. பேசிப் பேசி, பொருளை விட்டுத் தள்ளியிருக்க வைத்து, கூடவே இருந்து கவனித்துத்தான் மீட்க வேண்டும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வேறு ஊரில் இருக்கும் வார்டில் சேர்த்துவிடுவது. வெளிவாசல் பூட்டியிருக்கும், வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். இன்னொன்று, வெளிநோயாளியாக இங்கேயே வந்து போவது. வீட்டில் இருக்கலாம், வேறு வேலைக்குப் போகலாம். ஆனால் வீட்டில் பசை இருக்கக் கூடாது. ராப்பகலாக அவனைக் கவனிக்கப் பொறுப்பான ஆள் ஒருவர் வேண்டும்.

"வீட்டுல பாத்துக்க முடியும்னா சொல்லுங்க. முடியலைன்னாலும் தயங்காம சொல்லுங்க. அதுல தப்பே இல்ல. ஆனா முடியும்னு சொல்லிட்டு முடியாம போனா, இவருக்கு இன்னொரு சந்தர்ப்பம் இருக்குமான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

யோசித்து நாளைக் காலையில் சொல்லச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து யோசித்தோம். மேஸ்திரி டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார். அப்புறம் அவர் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"வார்டுல விட்டுருவோம். நாம ரெண்டு பேரும் வேலையப் பாப்போமா, அவனப் பாப்போமா? பையன் குளியலறைக்குப் போனா நீ கதவுல காத வச்சிக்கிட்டு நிப்பியா? அங்க பூட்டு இருக்கு. பூட்டு தூங்காது. நாம தூங்கிருவோம்."

டீ குடித்துவிட்டு உள்ளே அவனைப் பார்க்கப் போனோம். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. மேஸ்திரியைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, பூட்டுற எடத்துல விட்டுறாத. நீ என்ன சொன்னாலும் கேக்கறேன். தெனம் என்னை மோந்து பாரு. வாயைத் திறக்கறேன், சட்டையக் கழட்டித் தரேன். உன்கிட்டேயே இருக்கேன்."

அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே முடிவாகிவிட்டது. வெளியே வந்த பிறகு என்னிடம் சொன்னாள், "அவன் கையில பிரஷ்ஷைக் குடுத்தது நான்தாண்ணே. படிப்பு ஏறலைன்னு பக்கத்துல உக்கார வச்சிக்கிட்டேன். நான் குடுத்த வியாதிய வேற யாரோ பூட்டு போட்டுப் பாக்கணுமா?"

மறுநாள் டாக்டரம்மாவிடம் அவளே சொன்னாள். பசை வேலையை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறோம், தம்பியை வேறு வேலையில் சேர்க்கிறோம், பார்த்துக்கொள்கிற ஆள் நான். டாக்டரம்மா என்னென்ன கவனிக்க வேண்டும் என்று சொன்னார். கண் சிவப்பு, தள்ளாட்டம், குழறல். எல்லாவற்றையும்விட, வேலை விட்டு வந்ததும் வாயிலும் சட்டையிலும் வாசம் இருக்கிறதா என்று.

"உங்களுக்கு அந்த வாசம் நல்லாத் தெரியும் இல்லையா?"

"எனக்கா?" என்றாள் அக்கா. "பொழுதன்னைக்கும் அதுலதானே கெடக்கறேன். எனக்குத் தெரியாத பசையாம்மா?"

டாக்டரம்மா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கும் மனம் லேசாக இருந்தது. சரியான ஆளிடம்தான் சரியான வேலையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நானும் நினைத்தேன். மேஸ்திரி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொன்னபடி செய்தாள் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தெருக்கோடியில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, டின், பலகை, அடுப்பு, மூட்டை எல்லாவற்றையும் அங்கே மாற்றினார்கள். கொட்டகைச் சாவி மேஸ்திரியின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. வீட்டுத் தரையில் கெட்டியாகப் படிந்திருந்த பசையை அவள் கத்தியால் சுரண்டி எடுத்தாள். சுவரைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஜன்னலைத் திறந்தபோது அது பாதியில் மாட்டிக்கொண்டது. எத்தனை வருஷமாகத் திறக்காத ஜன்னலோ. மேஸ்திரி சுத்தியலால் தட்டித் திறந்தார். கொட்டகைக்குக் கட்டின சேலையோடு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று தனக்கே சட்டம் போட்டுக்கொண்டு, படிக்குக் கீழே என் மேசைக்குப் பின்னால் ஒரு மறைப்பைக் கட்டி, அங்கேயே உடை மாற்றிக்கொண்டு மேலே போவாள். என் இஸ்திரிக் கடை அவளால் துணிக்கடை ஆகிவிட்டது என்று கேலி செய்வேன். கடைக்காரர் நல்லவர், வாடகை கேட்க மாட்டார் என்பாள்.

குருவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. தட்டுகளை அடுக்கி வண்டியில் ஏற்றுவது. ஆஸ்பத்திரி நாளென்றால் அக்காவும் தம்பியும் காலையிலேயே தலை வாரிக் கிளம்புவார்கள். அவனைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்களாம், பிறகு இவளைக் கூப்பிட்டுக் கேட்பார்களாம். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். எனக்கும் ஒரு பன் வாங்கிக்கொண்டு வருவாள்.

சாயங்காலத்துச் சடங்கை நான் அதிகம் பார்த்ததில்லை. அவன் வேலை விட்டு வருகிற நேரத்தில் நான் தேய்த்த துணிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்விடுவேன். மழையில் சைக்கிள் சறுக்கி ஒரு நாள் சீக்கிரம் திரும்பினபோது மேலேயிருந்து கேட்டது. "ஊதிக் காட்டு." சற்று நேரம் சத்தமில்லை. "சட்டையக் குடு." மறுபடி சத்தமில்லை. "ஒண்ணுமில்ல. போய்ச் சாப்பிடு." அந்தக் கடைசிச் சொல்லில் இருந்த நிம்மதியைக் கேட்டு, அடிபட்ட முழங்காலோடு நான் கீழே நின்று சிரித்தேன்.

மழைக்காலம் பசைக்காரர்களுக்குக் கெட்ட காலம். ஈரக்காற்றில் பசை காயவே காயாது, வெளுத்துப்போய்ப் பூஞ்சை பிடித்த மாதிரி நிற்கும். கொட்டகையின் இடுக்கையெல்லாம் கோணி வைத்து அடைத்து, அடுப்பை நாள் முழுக்க எரியவிட்டு வேலை செய்தார்கள். அக்காவுக்கு இருமல் வந்தது. கண் எரிகிறது என்பாள். ஆனாலும் தம்பி விஷயத்தில் மலர்ந்திருந்தாள். டாக்டரம்மா தன்னைக் கெட்டிக்காரி என்று சொன்னதாக என் மனைவியிடம் சொன்னாளாம். விட்ட பெண் பேச்சை மறுபடி ஆரம்பிக்கலாமா என்றும் கேட்டாளாம். குருவி கொஞ்சம் இளைத்த மாதிரி எனக்குத் தோன்றியது. மழையில் வேலைக்குப் போய் வருகிற எவன்தான் இளைக்காமல் இருப்பான்?

அன்றைக்கு மழை விடவே இல்லை. துணி போடவும் ஆள் இல்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் வழியில்லை. மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா கொட்டகையிலிருந்து சீக்கிரம் வந்து, மறைப்புக்குப் பின்னால் சேலை மாற்றிக்கொண்டு மேலே போய் உலை வைத்தாள். பாத்திரம் உருளும் சத்தம், வெங்காயம் நறுக்கும் சத்தம் எல்லாம் கேட்டன. கொஞ்ச நேரத்தில் தீயும் வாசம் வந்தது. என் இஸ்திரிப் பெட்டிதான் எதையோ சுட்டுவிட்டது என்று பதறித் துணியைத் தூக்கிப் பார்த்தேன். அது இல்லை. மேலேயிருந்து வந்தது.

"தங்கச்சி, சோறு கருகுது!" என்று கத்தினேன்.

வாசம் ஏறிக்கொண்டே போனது. வெளியே போயிருக்கிறாளா என்று படியேறிப் பார்த்தேன். அடுப்புக்கு எதிரில்தான் நின்றிருந்தாள். வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பானையின் ஓரத்தில் புகை கசிந்து அறை முழுக்கப் பரவியிருந்தது. எனக்கு இருமல் வந்தது.

"என்னம்மா, கனவா? பக்கத்துல நின்னுக்கிட்டே சோத்தைக் கரியாக்கிட்டியே. கீழ எனக்கு மூக்கைத் துளைக்குது."

திரும்பிப் பானையைப் பார்த்தாள். தீயை அணைத்து மூடியைத் திறந்தாள். புகை குப்பென்று அவள் முகத்தில் அடித்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் பொத்தவில்லை. அந்தப் புகைக்குள் முகத்தை இன்னும் கொஞ்சம் குனிந்து வைத்து மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு கையிலிருந்த வெங்காயத்தை மூக்கில் வைத்து இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை.

"தெரியலண்ணே" என்றாள்.

ஜலதோஷமாக இருக்கும் என்றேன். அவள் காதில் வாங்கவே இல்லை. அலமாரியைத் திறந்து சோப்பை எடுத்து முகர்ந்தாள். தேங்காயெண்ணெய்ப் புட்டியை முகர்ந்தாள். மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்து மூடியைக் கழற்றி மூக்குக்குள்ளேயே விடுகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள். என்ன தேடுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கொடியில் குருவியின் முந்தின நாள் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் துவைக்காமல் போட்டிருந்தது. அதை உருவி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவள் கை நீட்டியபடியே இருந்தது. வாங்கி முகர்ந்தேன். முதுகுப்பக்கம் வேர்வையும் ரொட்டி மாவும். முன்பக்கத்தைத் திருப்பினேன். நெஞ்சிலும் காலரிலும், அந்தத் தித்திப்பும் பெட்ரோலும். ஒரு பித்தான் ஓரத்தில் துணி விறைத்துப்போய் மொடமொடவென்று இருந்தது.

"இருக்கும்மா" என்றேன்.

"என் சேலை பட்டிருக்கும். நான்தான் அங்கேருந்து கொண்டுவந்திருப்பேன்."

"நீதான் கீழயே மாத்திட்டு வரியே. இது நெஞ்சுல மட்டும் இருக்கு."

சட்டையைத் திரும்ப வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கீழே போகத் திரும்பியபோது, "போகாதீங்கண்ணே, அவன் வர்ற நேரம்" என்றாள். நின்றேன்.

நனைந்துகொண்டு வந்தான். என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை, என்னண்ணே விசேஷம் என்று சிரித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம் போல அவள் முன்னால் போய்க் குனிந்து, அவள் கேட்பதற்கு முன்னாலேயே வாயைத் திறந்து ஊதினான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை நாக்கைக் காட்டுகிற மாதிரி. எட்டி நின்ற எனக்கே வீசியது.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அதை அவனும் பார்த்துவிட்டான். வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"மழை புடிச்சதுலேருந்து."

"எங்க கெடச்சுது?"

"எங்க கெடைக்கல? பஞ்சர் கடையில கெடைக்குது."

"தெனமும் என் முன்னால வந்து ஊதினியேடா."

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு பேசினபோது குரலில் கோபமும் இல்லை, மழுப்பலும் இல்லை.

"மொத நாளு பயந்துக்கிட்டேதாங்க்கா வந்தேன். இன்னைக்கு மாட்டினேன், அக்கா செருப்பாலயே அடிக்கும், அதோட விட்டுரலாம்னு நெனச்சுக்கிட்டேதான் வந்தேன். வந்து ஊதினேன். நீ ஒண்ணுமில்ல, போய்ச் சாப்பிடுன்னு சொன்ன. தட்டுல சோத்தப் போட்டு, தலையத் தடவிவிட்ட. எனக்கு ஒண்ணும் புரியல. மறுநாளும் பண்ணிட்டு வந்தேன், கிட்டக்க வந்து நல்லாவே ஊதினேன். அப்பவும் அதையேதான் சொன்ன. அன்னைக்குத்தான் உனக்குத் தெரியலன்னு தெரிஞ்சுது." மூச்சை இழுத்துக்கொண்டான். "மொத நாளே நீ கண்டுபிடிச்சிருந்தா விட்டிருப்பேன்."

விட்டிருப்பானா என்று யாருக்குத் தெரியும்? அதை அவன் அக்காவைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. ஆனால் குத்தியது. அவள் மடியில் இருந்த சட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தத் துணிக்குள் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்து இழுத்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் உழைத்த உழைப்பு அவள் மூக்கைத் தின்றுவிட்டது. எனக்கு அந்தத் தகரக் கொட்டகையைக் கொளுத்திவிடலாமா என்று ஆத்திரமாக வந்தது. கொளுத்தினால் நாளைக்கு அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்?

மேஸ்திரி வந்தார். தலை துவட்டிக்கொண்டே மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொடியில் துண்டைப் போட்டார், நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "எனக்கும்தான் தெரியல" என்றார். அவ்வளவுதான்.

அக்கா எழுந்து முகத்தைக் கழுவினாள். அவன் எதிரில் வந்து நின்றாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ பண்ணினதையும் சொல்லப்போறேன், என் மூக்கு செத்துப்போச்சுங்கறதையும் சொல்லப்போறேன். நான் பாத்துக்கறேன்னு இனிமே சொல்ல மாட்டேன். அவங்க வார்டுன்னு சொன்னா வார்டுதான்."

அவன் கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் மறுபடி சொல்லுவான் என்று நினைத்தேன். அவளும் அதற்காகத்தான் காத்திருந்தாள் போல, கை இரண்டையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சரிக்கா" என்றான்.

அந்தச் சொல்லில்தான் அவள் உடைந்தாள். கையை அவிழ்த்து அவன் ஈரத்தலையைத் தன் முந்தானையால் துவட்ட ஆரம்பித்தாள். அழுத்தி, காது வலிக்கிற மாதிரி துவட்டினாள். அவன் குனிந்து காட்டிக்கொண்டு நின்றான். பிறகு என்னைப் பார்த்து, "காலையில நீங்களும் வாங்கண்ணே" என்றாள். பேசுவதற்குத் துணை வேண்டுமா என்று கேட்டேன். "பேச நான் இருக்கேன். இன்னும் ஒரு ராத்திரி இருக்குல்ல? காலையில அவன மோந்து பாக்க ஆளு வேணும்" என்றாள்.

படியிறங்கப் போன என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அடியில் பிடித்த கரியை விட்டுவிட்டு மேலாக இருந்த வெள்ளைச் சோற்றை எடுத்து நான்கு தட்டில் போட்டாள், பருப்பு ஊற்றினாள். ஆளுக்கு ஒரு முட்டை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோனேன். சோறு முழுக்கப் புகை ஏறியிருந்தது. ஒரு பருக்கையைக்கூட விழுங்க முடியவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மேஸ்திரி பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குருவி குனிந்த தலை நிமிராமல், பெயருக்குப் பொருந்தாமல் வாரி வாரிச் சாப்பிட்டான். அவன் தட்டில் அவள் இன்னும் கொஞ்சம் போட்டாள். தன் தட்டிலும் போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் அந்தச் சோற்றை ஒன்றுமே இல்லாத மாதிரி சாப்பிட்டார்கள்.

"ஏண்ணே, பருப்புல உப்பு இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.